செம்மீன்: பழனியைக் கொன்றது கடலா, கரையா?

நல்ல புதினம் ஒன்றைப் படித்து நெஞ்சில் வைத்துப் போற்றுகிறவர்கள், அது திரைப்படமாகவும் வந்திருக்கிறது என்றால் சற்றுத் தயங்குவார்கள். நாம் மனத்தில் வரைந்து வைத்த முகம் ஒன்று. திரையில் தோன்றும் முகம் வேறொன்று. ஆசிரியர் பல பக்கங்களில் பக்குவமாகச் சொன்னதைப் படம் சில நிமிடங்களில் முடித்துவிடும். இந்த அச்சம் நியாயமானதே. ஆயினும் ‘செம்மீன்’ என்னும் மலையாளப் படத்தைப் பொறுத்தவரை, பார்க்கலாமா என்ற வினாவைவிட, எப்படிப் பார்ப்பது என்ற வினாவே பெரிது என்பது என் கருத்து.

தகழி சிவசங்கரப் பிள்ளையின் ‘செம்மீன்’ 1956-ஆம் ஆண்டு வெளிவந்தது. மறு ஆண்டே சாகித்திய அகாதமியின் பரிசைப் பெற்றது. சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பில் தமிழ் வாசகர்களையும் அடைந்தது. 1965-இல் ராமு காரியாட் அதைப் படமாக்கினார். அவ்வாண்டின் சிறந்த படத்துக்கான குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம் அதற்குக் கிடைத்தது. தென்னாட்டுப் படம் ஒன்று அந்தப் பதக்கத்தைப் பெற்றது அதுவே முதல் முறை.

கதையை அறியாத நண்பர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். மீனவர் செம்பன்குஞ்சுவின் மகள் கருத்தம்மா. முஸ்லிம் இளைஞனான மீன் வியாபாரி பரீக்குட்டியும் அவளும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். தோணியும் வலையும் வாங்க வேண்டும் என்ற வெறி கொண்ட செம்பன்குஞ்சு, பரீக்குட்டியிடம் கடன் வாங்குகிறான். பிடிக்கும் மீனை அவனுக்கே விற்பதாக வாக்களிக்கிறான். தோணி வந்ததும் வாக்கு காற்றில் போகிறது. கருத்தம்மாவை உற்றார் உறவினர் அற்ற பழனிக்கு மணமுடித்து அனுப்பிவிடுகிறார்கள். பழைய காதலைப் பற்றிய பேச்சு புருஷன் ஊர்க் கரையையும் எட்டுகிறது. கடைசியில் ஓரிரவு, கருத்தம்மாவும் பரீக்குட்டியும் சந்திக்கிறார்கள். அதே இரவில் கடலில் தனியே தூண்டிலிட்ட பழனியை, தூண்டிலில் சிக்கிய சுறா சுழலுக்குள் இழுத்துச் செல்கிறது. காதலர் இருவரும் பிணமாகக் கரை ஒதுங்குகிறார்கள்.

கதை முழுவதற்கும் அடியில் ஒரு நம்பிக்கை ஓடுகிறது. கடலுக்குப் போன கணவனின் உயிர், கரையில் இருக்கும் மனைவியின் கற்பில் இருக்கிறது. அவள் தவறினால் கடலம்மை அவனை எடுத்துக்கொள்வாள் என்பது அது.

படத்தின் சிறப்புகளை மறைப்பது நன்றியாகாது. தமிழில் ‘மாயா பஜார்’ எடுத்த மார்கஸ் பார்ட்லியின் வண்ணப் படப்பிடிப்பில், கடல் தானும் ஒரு பாத்திரமாகவே நிற்கிறது. வங்கத்திலிருந்து வந்த சலில் சௌத்ரியின் இசையில், கடற்கரையில் பரீக்குட்டியின் ஏக்கமாக ஒலிக்கும் மன்னா டேயின் குரல், மொழி தெரியாதவரையும் கலங்க வைக்கும். பழனியாக வரும் சத்யன் அதிகம் பேசுவதில்லை. அவர் முதுகும் தோளும் பேசுகின்றன. செம்பன்குஞ்சுவின் பேராசையைக் கொட்டாரக்கரா ஸ்ரீதரன் நாயர் கண்களிலேயே காட்டிவிடுகிறார்.

குறை எங்கே? அழகே குறையாகிவிடுகிறது என்பேன். ஒரு பக்கம் காதலர் சந்திப்பு, மறு பக்கம் கடலில் பழனியின் போராட்டம் என்று காட்சிகள் அடுத்தடுத்து வரும்போது, அவள் தவறினாள், அதனால் அவன் மாண்டான் என்று நம் மனம் தானாகவே முடிச்சுப் போட்டுவிடுகிறது. நம்பிக்கை என்று சொல்லப்பட்டது, கண்ணால் கண்ட உண்மையாகிவிடுகிறது.

தகழியும் கதையை அப்படித்தானே முடித்தார் என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அந்த முடிவுக்கு முன்னால் புத்தகத்தில் வேறொரு கணக்கும் விரிவாக எழுதப்பட்டிருக்கிறது. யார் தோணி வாங்கலாம், யார் வாங்கக்கூடாது என்று பிரிவு பார்க்கும் கரை வழக்கம் அதில் உண்டு. பருவமழைக் காலத்தில் கடலடிச் சேறு கலங்கி, அலையைத் தணித்து, மீனைத் திரட்டும் ‘சாகர’யின் கொண்டாட்டம் உண்டு, அது போனபின் வரும் பட்டினியும், அந்த நேரம் பார்த்து வட்டிக்குக் கொடுக்க வருபவர்களும் உண்டு. படத்தில் இவை காதலுக்குப் பின்னணி. புத்தகத்தில் இவையே கதையின் எலும்பு.

அந்தக் கணக்கின்படி பழனியைக் கொன்றது யார்? அவன் தேர்ந்த கடலோடி. பலரோடு பெரிய தோணியில் போனவன். மனைவியைப் பற்றிய பேச்சு எழுந்ததும், அவனை ஏற்றிக்கொண்டால் கடலம்மையின் கோபம் தங்களையும் தாக்கும் என்று அஞ்சிக் கூட்டாளிகள் அவனை விலக்கினார்கள். வயிறு அவனைச் சிறு தோணியில் தன்னந்தனியே தூண்டிலோடு அனுப்பியது. பெரிய சுறா ஒன்று தூண்டிலில் சிக்கும்போது, உதவிக்கு ஒரு கை இல்லாதவன் என்ன செய்வான்? அவனைத் தனியனாக்கியது அந்த நம்பிக்கை. பிறகு அவன் சாவையே தனக்குச் சாட்சியாகக் காட்டிக்கொண்டதும் அதே நம்பிக்கை! ஒரே இரவில் இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன என்பதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. ஆய்வுக்கூடத்தில் நாம் கற்கும் முதல் பாடம் அதுதானே?

இன்னொன்றும் எண்ணிப் பார்க்க வேண்டும். செம்பன்குஞ்சு வாங்கிய கடனை மறுத்து ஒருவன் வாழ்வைக் குலைத்தான். ஆண் ஒருவன் சொன்ன பொய்யால் தோணி கவிழும் என்று அந்தக் கரையில் எந்த விதியும் இல்லை. கடலம்மை கணக்குக் கேட்பதெல்லாம் பெண்களிடம் மட்டுமே.

2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில், கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் கடலுக்குப் போன மீனவர் பலர் கரை திரும்பவில்லை. ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை என்று கரையில் இருந்தவர்கள் குமுறினார்கள். அத்தனை வீட்டுப் பெண்களின் கற்பும் ஒரே நாளில் தவறியது என்று சொல்ல எவருக்கேனும் நாக்கு எழுமா?

இது கடற்கரைக்கு மட்டும் உரிய கதையன்று. மருமகள் வந்த மாதம் மாடு செத்தால் அவள் ராசி. மகன் தேர்வில் தோற்றால் அவள் காலடி. நம் தெருக்களில் கேளாத பேச்சா இது? இதைச் சொல்கிறவர்கள் கொடியவர்களும் அல்லர். கதையில் கருத்தம்மாவுக்கு இந்த நம்பிக்கையை ஊட்டுகிறவள் அவளைப் பெற்ற தாய் சக்கி. பெண் கெட்டுப் போய்விடக்கூடாதே என்ற பாசத்தில்தான் ஊட்டுகிறாள். அன்போடு ஊட்டப்பட்டதை உதறுவது கடினம். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்திருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு அது நன்றாகவே தெரியும். பாட்டியை எதிர்த்துப் பேசுவது, பாடநூலில் படித்ததைத் தேர்வில் எழுதுவது போல எளிதன்று.

அதனால்தான் ‘செம்மீன்’ படத்தை அவசியம் பாருங்கள் என்கிறேன். ஆனால் புத்தகத்தை முதலில் படித்துவிட்டுப் பாருங்கள். படம் மட்டும் பார்த்தவர் கடலம்மையின் கோபத்தோடு எழுந்து போவார். புத்தகத்தையும் படித்தவர், பழனிக்குத் தோணியில் இடம் மறுத்தவர்களைத் திரையில் தேடுவார். அவர்கள் அங்கே இருக்கிறார்கள். இசையும் வண்ணமும் நம் கண்ணை மயக்கி அவர்களை மறைத்துவிடுகின்றன, அவ்வளவுதான்.

படத்தைப் பார்த்து அழுவது எளிது. யாரால் இந்த அழுகை வந்தது என்று கேட்பதற்கே படிப்பு வேண்டும். தோழர்களே, அந்தக் கேள்வியோடு பாருங்கள்!

— பி.எஸ்ஸி., இரண்டாம் ஆண்டு, விலங்கியல்