வாயிலறியாக் காவல்

திருவண்ணாமலைக் கோயிலுக்கு நாற்றிசையிலும் பெருவாயில்கள் உண்டு. கிழக்கே பதினொரு நிலைகளோடு 217 அடி உயர்ந்து நிற்பது அரசகோபுரம்; மேற்கே பேய்க் கோபுரம்; தெற்கே திருமஞ்சன கோபுரம்; வடக்கே அம்மணியம்மன் கோபுரம். வழிபாட்டுக்கென எழுந்த அம் மதில்களே பதினெட்டாம் நூற்றாண்டுப் போர்களில் கோட்டை மதில்களாகவும் பயன்பட்டன. 1757இல் பிரெஞ்சியர் அவ்வூரைப் பிடித்தனர். 1760இல் அஃது ஆங்கிலேயர் கைக்கு மாறியது. 1790இல் திப்பு சுல்தான் கைப்பற்றினார். மதிலின் உயரம் மட்டுமே ஓர் ஊரைக் காத்துவிடாது என்பதற்கு இவ் வரலாறே சான்று.

இன்று அலுவலகங்களிலும் வைப்பகங்களிலும் கல்லூரிகளிலும் வேறொரு மதில் எழுந்துள்ளது. அறையின் ஒரு மூலையில் விளக்குகள் மினுக்கும் சிறு பெட்டி அது. இணையத்தின் வழியே வரும் பகையைத் தடுப்பது அதன் வேலை. ஆங்கிலத்தில் அதனைப் 'பயர்வால்' என்பர். கட்டடத்தின் ஒரு பகுதியில் பற்றிய தீ மறுபகுதிக்குப் பரவாமல் தடுக்கும் சுவரின் பெயர் அது. அதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து 'நெருப்புச் சுவர்' என்போர் ஒன்றை மறந்தனர். சுவருக்கு வாயில் இல்லை. இப் பெட்டிக்கோ வாயில்களே உயிர். மதிலும் வாயிலும் காவலும் ஒருங்கமைந்ததற்குத் தமிழில் பழம்பெயர் ஒன்று உண்டு. அதுவே அரண்.

அவ் வரண்பெட்டியின் பின்புறத்துத் துளைகள் ஒவ்வொன்றும் ஒரு வாயில். கலைச்சொல் தொகுப்புகள் இதனை 'இடைமுகம்' என்னும். ஒன்றில் இணையக் கம்பி. மற்றொன்றில் அலுவலகக் கணினிகள். மூன்றாவதில் பொதுமக்கள் நாடிவரும் வலைத்தளக் கணினி. ஒவ்வொரு வாயிலுக்கும் பெயர், எண்முகவரி, நம்பிக்கை அளவு ஆகிய மூன்றையும் வகுத்தல் வேண்டும். உள்ளிருப்போர் கேட்டதற்கு வரும் விடை உள்ளே செல்லலாம். வெளியார் தாமாக உள்ளே நுழைதல் கூடாது. வலைத்தளம் தேடி வருவோர் அதனோடு நின்றுவிடல் வேண்டும். திண்ணை வரை வந்த விருந்தினர் அடுக்களைக்குள் புகுவரோ?

இங்கே பெயரிடுதல் வெறும் பெயரிடுதல் அன்று. சிசுக்கோ குழுமத்தின் ஏ.எசு.ஏ. வகைக் கருவியில் ஒரு வாயிலுக்கு 'இன்சைடு' என்று பெயரிட்டால், வேறு மதிப்புக் குறிக்காவிடில், அக் கருவி தானாகவே 100 என்னும் முழுநம்பிக்கை அளவை வழங்கிவிடும். வேறெப் பெயரிட்டாலும் 0 தான். மதிப்பு மிக்க வாயிலினின்று குறைந்த வாயிலுக்குச் செல்வது எளிது. குறைந்ததினின்று மிக்கதற்குச் செல்லத் தனி இசைவு வேண்டும். ஆகவே, பெயரின் பொருளறியாது பெயரிடுவோன் பகைவனுக்கு நூற்றுக்கு நூறு வழங்கவும் கூடும்!

வாயில்களைப் பிரித்து வைப்பதன் பயனைக் கூடங்குளம் காட்டியது. அங்குள்ள கணினியொன்றில் தீநிரல் புகுந்த செய்தி 2019 செப்டம்பர் 4இல் தெரிவிக்கப்பட்டது. இந்திய அணுமின் கழகம் அக்டோபர் 30இல் அதனை ஒப்புக்கொண்டது. அக் கணினி இணையத்தோடு கூடிய அலுவற் பிணையத்தைச் சேர்ந்தது என்றும், இன்றியமையாத உட்பிணையம் அதனின்று பிரிக்கப்பட்டுள்ளது என்றும் கழகம் கூறியது. புறமதிலுள் பகை புகுந்தும் அகமதில் தனித்து நின்றமையே ஆறுதல். அப் பிரிவு இல்லாதிருப்பின் என்னாகும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஆயின், ஊர்தோறும் நடப்பது என்ன? விற்ற குழுமத்தின் ஆள் வருகிறார், ஏதோ தட்டுகிறார், போய்விடுகிறார். பொறுப்பிலுள்ள பணியாளர்க்கு எந்த வாயில் எதற்கென்று தெரியாது. தொலைவிலிருந்து திருத்துதல் எளிது என்பதற்காக மேலாண்மைக் கதவு வெளிப்புறம் நோக்கித் திறந்தே கிடக்கும். தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லே நீடிக்கும். கையேடோ ஆங்கிலத்தில், அதை உருப்போட்டவர் உண்டு, உணர்ந்தவர் சிலரே.

'கட்டளைகள் ஆங்கிலத்தில் இருக்கத் தமிழ் எதற்கு?' என்று சிலர் வினவுவர். விரல் தட்டும் எழுத்து எதுவாயினும், எது உள், எது வெளி என்று தெளியும் அறிவு தாய்மொழியிலேயே விரைந்து பற்றும். ஆங்கிலம் வல்லோரும் கதவைத் திறந்து போடுவதுண்டு. தமிழ்ச் சொல் மட்டுமே பூட்டாகிவிடாது. ஆனால், பொருள் விளங்கியவனே பூட்ட வேண்டிய இடத்தை அறிவான்.

இதற்குப் பெரும்பொருள் வேண்டா. அரண்பெட்டியின் அருகில் ஒரு தாள் போதும். வெளிவாயில், உள்வாயில், இடைவாயில் என்று கம்பிகளில் தமிழில் எழுதி ஒட்டுக. பயனில்லா வாயில்களை அடைத்திடுக. மேலாண்மையை உள்வாயிலோடு நிறுத்துக. கடவுச்சொல்லை மாற்றுக. எவ் வழியை யார், எதற்காக, எந்நாள் வரை திறந்தார் என்று குறித்து வைத்திடுக.

திருக்குறளின் 75ஆம் அதிகாரம் அரணைப் பற்றியது. காக்க வேண்டிய இடம் சிறிதாகவும் உள்ளிடம் பெரிதாகவும் இருப்பதே நல்லரண் என்கிறார் வள்ளுவர். முற்றுகையையும் தாக்குதலையும் மட்டுமின்றி, உள்ளிருப்போரை வசப்படுத்தும் சூழ்ச்சியையும் அரண் வெல்ல வேண்டும் என்கிறார். எத்துணைச் சிறப்புடைய அரணும் செயல்திறம் இல்லாரிடத்துப் பயனற்றது என்று அவ் வதிகாரத்தை முடிக்கிறார். பெட்டியை வாங்குவது பணம், அரணாக்குவது அறிவு. அவ் வறிவைத் தமிழில் வழங்குவது தமிழறிந்த பொறியாளர் ஒவ்வொருவரின் கடன்!