வெஸ்டர்லி என்றால் மேற்கு நோக்கியா, மேற்கிலிருந்தா?



சென்ற வாரம் நமது வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு வானிலை அறிவித்தல் சுற்றியது. ஆங்கிலத்தில் 'வெஸ்டர்லி விண்ட்' என்று இருந்ததை யாரோ நல்லெண்ணத்தோடு 'மேற்கு நோக்கிக் காற்று வீசும்' என்று தமிழாக்கியிருந்தார். நம்மில் பலரும் வாசித்துப் பார்க்காமல் பகிர்ந்தோம். அது பிழை மட்டுமல்ல, நேரெதிரான செய்தி.

ஆங்கிலத்தில் காற்றுக்குப் பெயர் அது எங்கிருந்து வருகிறதோ அந்தத் திசையால். வெஸ்டர்லி விண்ட் மேற்கிலிருந்து கிழக்கே வீசுவது. ஆனால் ஒரு படகு 'வெஸ்டர்லி டைரக்‌ஷனில்' போனது என்றால், அது மேற்கு நோக்கிப் போனது. ஒரே சொல், இரண்டு பொருள். நீரோட்டத்துக்கோ அது போகும் திசையைச் சொல்வதுதான் வழக்கம். பிள்ளைகள் குழம்புவதில் என்ன வியப்பு?

இது வெறும் இலக்கணப் பிரச்சினை இல்லை. கல்முனையிலிருந்து ஒலுவில் வரை நமது கரைக்குக் கடல் கிழக்கே இருக்கிறது. 'மேற்கு நோக்கி' என்று வாசிப்பவர், எஞ்சின் நின்றாலும் காற்று கரைக்குத் தள்ளும் என்று நம்புவார். உண்மையில் மேற்கிலிருந்து வரும் காற்று தோணியை ஆழ்கடலுக்கே தள்ளும்.

கடலுக்குப் போகிறவருக்குக் காற்றுத் தெரியாதா என்று சிலர் கேட்கலாம். இப்போது வீசும் காற்று அவருக்குத் தெரியும். நாளைக்கு வீசப்போவதை அறியத்தானே போனைப் பார்க்கிறார்!

நமது மூத்தவர்களுக்கு இந்தக் குழப்பமே இருக்கவில்லை. மேற்கிலிருந்து வந்தால் கச்சான், வடக்கு வடகிழக்குப் பக்கமிருந்து வந்தால் வாடை, கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல். அவர்களும் வரும் திசையைக் கொண்டே பெயர் வைத்தார்கள். வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவன், "வாப்பா சொல்ற கச்சான் காத்துதானா சேர், வெஸ்டர்லி?" என்று கேட்டான். அவனுக்கு அதன்பின் மறக்கவில்லை. பக்கத்தில் இருந்தவனோ, "கச்சான் எண்டா கடலைதானே?" என்றான். வகுப்பே சிரித்தது. ஆனால் கடற்கரை ஊரில் பிறந்த பிள்ளைக்கு அந்தச் சொல் தெரியாமல் போனது நமது தவறு.

தென்மேல் பருவக்காற்று தென்மேற்கிலிருந்து வருவது, வடகீழ்ப் பருவக்காற்று வடகிழக்கிலிருந்து வருவது. பாடப் புத்தகத்தில் உள்ள இந்த இரண்டு பெயர்களை நினைவில் வைத்தாலே ஆங்கிலச் சொல்லும் பிடிபட்டுவிடும்.

ஆகவே நாம் செய்ய வேண்டியது சிறிய வேலைதான். வானிலைச் செய்தியைத் தமிழில் எழுதும்போது 'இருந்து' என்ற சொல்லை விடாமல் எழுதுவோம். 'மேற்கிலிருந்து வீசும் காற்று, அதாவது கச்சான்' என்று ஊர்ப் பெயரையும் சேர்ப்போம். சந்தேகம் இருந்தால் பகிராமல் விடுவோம்.

இன்றிரவு உங்கள் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள்: வாடை எந்தப் பக்கமிருந்து வரும்? பதிலைக் கீழே எழுதுங்கள்.