செவிலியருக்கு எதற்கு டாக்டர் பட்டம்?



“சாமி, ஊசி போடுவதற்கும் படுக்கை விரிப்பதற்கும் டாக்டர் பட்டம் எதற்கு?” செவிலியர் கல்லூரியில் முதுநிலைப் படிப்பை முடித்த மகள் மேலும் ஆராய்ச்சி செய்ய விரும்புவதைக் கண்ட தந்தை ஒருவர், சென்ற மாதம் என்னிடம் இவ்வாறு கேட்டார். நியாயமான கேள்விதான். பதிலாக அவருக்கு நியூசிலாந்து நாட்டுச் செவிலியர் ஒருவரின் வரலாற்றைச் சொன்னேன்.

இரிஹாபெட்டி ராம்ஸ்டன் என்பது அவர் பெயர். அந்நாட்டின் பூர்வ குடிகளாகிய மாவோரி இனத்தவர். மாவோரி மக்களுக்குத் தலை புனிதமானது. தலைக்கு வைக்கும் தலையணையைக் காலுக்கு அண்டை கொடுப்பது அவர்களுக்குப் பெரும் அவமதிப்பு. நிலத்துக்கும் நஞ்சுக்கொடிக்கும் அவர்கள் மொழியில் ஒரே சொல். குழந்தை பிறந்ததும் நஞ்சுக்கொடியைத் தம் மண்ணில் புதைப்பது அவர்கள் மரபு. இவற்றைப் பொருட்படுத்தாத மருத்துவமனைகளில் அவர்கள் நெடுங்காலம் மனம் புண்பட்டார்கள். புண்பட்டவர் மறுமுறை வரத் தயங்குவார். தயக்கம் நோயை முற்றவிடும். 2017 முதல் 2019 வரையிலான கணக்கின்படி, மாவோரி மக்களின் சராசரி ஆயுள் ஏனையோரைவிட ஏறத்தாழ 7 ஆண்டுகள் குறைவு. வறுமை இதற்கு ஒரு காரணம். அவர்கள் நடத்தப்பட்ட விதமும் ஒரு காரணம்.

1988-இல் கிறைஸ்ட்சர்ச் நகரில் நடந்த கூட்டமொன்றில் முதலாண்டு மாவோரி மாணவி ஒருவர் எழுந்தார். சட்டப் பாதுகாப்பு, நெறிமுறைப் பாதுகாப்பு என்றெல்லாம் கற்பிக்கிறீர்களே, எம் பண்பாட்டுக்கு ஏது பாதுகாப்பு என்ற பொருள்படக் கேட்டார். அக்கேள்வியை ராம்ஸ்டன் விடவில்லை. ‘பண்பாட்டுப் பாதுகாப்பு’ என்னும் கோட்பாடாக அதை வளர்த்தார். 1992-இல் அந்நாட்டுச் செவிலியர் மன்றம் அதனைப் பாடத்திட்டத்தில் சேர்த்தது. பத்திரிகைகளில் பலத்த எதிர்ப்பு எழுந்தது, அவர் பின்வாங்கவில்லை. 2002-இல் இதே பொருள்பற்றிய தம் டாக்டர் பட்ட ஆய்வேட்டை வெலிங்டன் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் நிறைவு செய்தார். மறு ஆண்டே காலமானார்.

அவர் சொன்னது என்ன? பிறருடைய பழக்கவழக்கங்களைப் பட்டியலிட்டு மனப்பாடம் செய்வது போதாது. செவிலியர் முதலில் தம்மையே ஆராய வேண்டும். என் சொல்லில் ஏளனம் உண்டா? என் சீருடையின் அதிகாரத்தை எளியவர்மேல் காட்டுகிறேனா? இது இனத்தோடு நிற்பதன்று. ஏழை, முதியவர், ஊனமுற்றோர், வேற்று மதத்தினர் அனைவருக்கும் பொருந்தும். மேலும், பணிவிடை நன்றாயிருந்ததா என்று தீர்ப்பளிக்க வேண்டியவர் செவிலியர் அல்லர், நோயாளியே.

எல்லாரையும் ஒரேவிதமாக நடத்தினால் சமநீதி வந்துவிடும் என எண்ணுகிறோம். காது கேளாதவருக்கும் மற்றவருக்கும் ஒரே குரலில் மருந்துமுறையைச் சொல்லிவிட்டால் அது நீதியாகுமா?

ஊசி போடும் திறமைக்குத் தொடக்கப் பயிற்சியே போதும். ஒரு சாரார் ஏன் மருத்துவமனை வாசலோடு திரும்பிவிடுகிறார்கள் என்று பொறுமையாக ஆராய்ந்து, கண்டதை நாளைய மாணவியரின் பாடமாக்குவதற்கு உயர்கல்வி வேண்டும். ஆனால் பட்டம் பெற்றபின் நோயாளியின் கட்டிலருகே நிற்க நாணுபவருக்கு, அப்பட்டம் வெறும் காகிதமே.

“மகளிடம் இதை நானே சொல்கிறேன், சாமி” என்று தந்தை எழுந்தார். “சொல்வதற்குமுன், அவள் எதை ஆராய விரும்புகிறாள் என்று கேளுங்கள்” என்றேன். அதை அவர் அதுவரை கேட்டிருக்கவில்லை.