வலி நடிப்பு அல்ல!

உடம்பெல்லாம் வலி. படுத்தால் தூக்கம் இல்லை. விடிந்தால் களைப்பு. ஆனால், ரத்தப் பரிசோதனையில் குறை இல்லை. "எக்ஸ்ரே"யிலும் ஒன்றும் தெரியவில்லை.

உடனே வீட்டார் என்ன சொல்கிறார்கள்? "வேலைக்குப் பயந்து நடிக்கிறாள்!"

இது அநியாயம். இது "பைப்ரோமயால்ஜியா" என்ற நோயாக இருக்கலாம். பெண்களிடமே இது அதிகம்.

1904-ம் ஆண்டில் லண்டன் டாக்டர் வில்லியம் கவர்ஸ், தசையோடு சேர்ந்த நார்ப்பகுதியில் அழற்சி என்று எண்ணி, இத்தகைய வலிக்கு "பைப்ரோசைட்டிஸ்" என்று பெயர் வைத்தார். பின்னர் சோதித்தபோது அழற்சி காணப்படவில்லை. 1976-ல் பெயர் மாறியது.

மூளையும் நரம்புகளும் வலியைப் பெரிதாக்குகின்றன என்பதே இன்று பெரும்பாலான டாக்டர்களின் கருத்து. தசையைப் போர்த்திய மெல்லிய உறையில் ஏற்படும் கோளாறுதான் நரம்புகளைத் தூண்டிவிடுகிறது என்று 2010-ல் ஓர் அமெரிக்க டாக்டர் எழுதினார். அது இன்னும் நிரூபிக்கப்படவில்லை.

காரணம் எதுவானால் என்ன? வலி உண்மை!

டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள். உடற்பயிற்சி பலன் தரும். சிறிது நடையில் தொடங்கி, மெல்ல மெல்லக் கூட்டவேண்டும்.

"நடிக்காதே" என்று சொல்லும் வாய், இனி, "குடத்தை நான் தூக்குகிறேன், நீ சற்று உட்கார்" என்று சொல்லட்டும். அது பாதி மருந்து!