சிவப்பு விளக்கு எரியுதாப்பா?

தினமும் இரவு எட்டரைக்குத் தைப்பிங்கிலிருந்து வீடியோ அழைப்பு வரும். என் மூன்று வயது மகனுக்குத் தாத்தா கதை சொல்வார். திரையில் பாதி நேரம் தாத்தாவின் நெற்றியும் மின்விசிறியும்தான் தெரியும். அவனுக்கு அதுவே போதும். போன செவ்வாய்க்கிழமை அழைப்பு வரவில்லை. அம்மாவுக்கு அனுப்பிய வாட்ஸ்ஆப்பில் ஒற்றை டிக்.

சாதாரண அழைப்பில் அப்பாவைப் பிடித்தேன். "வைஃபை போச்சும்மா. மூணு தடவ அடைச்சுத் தொறந்துட்டேன். பக்கத்து வீட்டுத் தம்பி, பின்னாடி இருக்க ஓட்டையில ஊசிய விட்டு அழுத்தச் சொன்னான். அதான் ஊசி தேடிக்கிட்டிருக்கேன்."

"ஐயோ, வேணாம்பா!"

ரூட்டரை அடைத்துத் திறப்பது வேறு, அந்த ஊசி ஓட்டையை அழுத்துவது வேறு. அழுத்தினால் வைஃபை பெயர், கடவுச்சொல் எல்லாம் அழிந்துவிடும். பல வீடுகளில், இணைய நிறுவனம் உள்ளே பதிந்து வைத்த கணக்கு விவரமும் சேர்ந்தே போகும். பிறகு ஆள் வந்து சரிசெய்யும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

பார்க்க முடியாததைக் குரலாலேயே விளக்குவது என் பிழைப்பு. ஆனாலும் அன்று கொஞ்சம் தடுமாறினேன். சின்ன வயதில் அப்பா கூரைமேல் ஏறி டிவி ஏரியலைத் திருப்புவார். நான் ஹாலில் நின்று "இப்ப தெரியுது, போச்சு, இன்னும் கொஞ்சம்" என்று கத்துவேன். இப்போது கேள்வி கேட்பது என் முறை.

"உங்க போன்ல மட்டும் வரலியா, அம்மா போன்லயுமா?" ஒன்றில் மட்டும் என்றால் கோளாறு அந்தக் கைப்பேசியில். சேமித்த வைஃபையை அதிலிருந்து நீக்கிவிட்டு, கடவுச்சொல்லைப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்த்து மறுபடி போட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும். இங்கே இரண்டிலும் வரவில்லை.

"வைஃபை பேர் தெரியுதா?" தெரிகிறதாம், கோடுகளும் முழுசாக இருக்கிறதாம். ஆனால் இணையம் இல்லை என்று காட்டுகிறதாம். அப்படியென்றால் போனது வைஃபை இல்லை! சமையலறைக் குழாய் நன்றாகத்தான் இருக்கிறது, ரோட்டிலிருந்துதான் தண்ணீர் வரவில்லை. நாம் இரண்டையும் 'வைஃபை' என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

"கொம்பு வச்ச ரூட்டரை விடுங்க. சுவரோரம் இருக்க சின்ன மோடத்துல என்ன விளக்கு எரியுது?"

"ஒண்ணு சிவப்பா கண்ணடிக்குது."

கீழே எழுதியிருப்பதைப் படிக்க மூக்குக்கண்ணாடி தேடி ஐந்து நிமிடம். "எல்... ஓ... எஸ்."

ஃபைபர் வழியாக ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். "யாராவது அந்த வயரத் தொட்டீங்களா?" என்றேன். பின்னாலிருந்து அம்மாவின் குரல்: "மத்தியானம் கூட்டும்போது அலமாரியச் சுவரோட தள்ளி வச்சேன். அதுவும் ஒரு குத்தமா?"

குற்றமில்லை. ஆனால் ஃபைபர் என்பது முடி மாதிரி மெல்லிய கண்ணாடி இழை. கரண்ட் வயர் மாதிரி மடங்கினால் அதற்குத் தாங்காது. ஒளி வளைவிலேயே கசிந்துவிடும். இருவருமாக அலமாரியை இழுத்து, நசுங்கிய வயரை மெதுவாக விடுவித்தார்கள். முனையைக் கழற்றக் கூடாது, கண்ணுக்கு நேரே பிடிக்கவே கூடாது என்று இரண்டு தடவை சொன்னேன். அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர். மூன்று நிமிடத்தில் சிவப்பு அணைந்தது. அணையாவிட்டால் இழை உடைந்திருக்கலாம். அப்போது நிறுவனத்தை அழைத்து, முதல் வாக்கியத்திலேயே 'எல்.ஓ.எஸ். சிவப்பு' என்று சொல்லிவிடுங்கள்.

ஹாலில் கிடைத்து, பின்னறையில் மட்டும் கிடைக்காத வீடுகளும் உண்டு. அங்கே வைஃபை பெயரைப் பாருங்கள். கடைசியில் '5ஜி' என்றிருந்தால் அது கைப்பேசி 5ஜி அல்ல, 5 கிகாஹெர்ட்ஸ் அலை. வேகம் அதிகம், ஆனால் செங்கல் சுவரைத் தாண்டத் திணறும். பின்னறைக்கு 2.4 போதும், மைக்ரோவேவ் ஓடும்போது மட்டும் அது கொஞ்சம் முரண்டு பிடிக்கும்.

அன்றைய கதை ஒன்பதரைக்கு நடந்தது. மகன் பாதியிலேயே தூங்கிவிட்டான். அப்பா விடாமல் முடித்தார். மறுநாள் காலையில் ஒரு படம் அனுப்பியிருந்தார். மோடத்தின் படம். எல்லா விளக்கும் பச்சை.