தாத்தா வந்த பாதைக்கு ஒரு கல் கூட இல்லையா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தப் பதிவில் காரம் கொஞ்சம் தூக்கல். கே.ஜி.எஃப். வீட்டுக் குழம்பு அப்படித்தான் இருக்கும் :-)

நான் குப்பை கொட்டுவது யூட்டா மாநிலத்தில். இங்கே ஜூலை 24 விடுமுறை. 1847-இல் அந்த நாளில்தான் மார்மன் சபைத் தலைவர் பிரிகம் யங் சால்ட் லேக் பள்ளத்தாக்கில் வந்து இறங்கினார். இல்லினாயில் இருந்த நாவூ என்ற ஊரிலிருந்து விரட்டப்பட்டு 1846-இல் கிளம்பிய கூட்டம். சுமார் 1,300 மைல். பின்னால் வந்தவர்களில் மாட்டு வண்டிக்கு வசதி இல்லாதவர்கள் 1856 முதல் 1860 வரை கைவண்டியை இழுத்துக்கொண்டே வந்தார்கள். 1856-இல் தாமதமாகக் கிளம்பிய இரண்டு கூட்டங்கள் வயோமிங் பனியில் சிக்கி, இருநூறு பேருக்கு மேல் இறந்துபோனார்கள்.

இன்றைக்கு அந்த வழி நெடுகக் கல்லும் பலகையும்தான். 1978-இல் அரசாங்கமே அதைத் தேசிய வரலாற்றுத் தடமாக அறிவித்துவிட்டது. சபைப் பிள்ளைகள் கோடையில் கைவண்டி இழுத்து நடக்கிறார்கள். சைக்கிளில் போகிறவர்களும் உண்டு.

சில வருடங்களுக்கு முன் ஆபீஸ் நண்பர் ஒருவர் கூப்பிட்டார் என்று வயோமிங்கில் மூன்று நாள் நானும் மிதித்தேன். ராத்திரி கூடாரத்தில் தன் முன்னோர் எந்த வருடம், எந்தக் கூட்டத்தோடு வந்தார்கள் என்று மடமடவென்று ஒப்பித்தார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்: "உன் தாத்தா தங்கச் சுரங்கத்துக்கு எங்கிருந்து வந்தார்?"

"மெட்ராஸ் பக்கம்" என்றேன். பொய். எனக்குத் தெரியாது.

அடுத்தவன் தாத்தா வந்த வழியில் தொடை கழல மிதிக்கிற எனக்கு, என் தாத்தாவின் ஊர்ப் பெயர் தெரியாது!

நான் பிறந்தது கோரமண்டல். பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் போகும் ரயிலில், உரிகத்துக்கு முந்தின ஸ்டேஷன். எங்கள் லைன் வீடுகளில் 'சொந்த ஊர் எது' என்று கேட்டால் எல்லா அப்பாக்களும் "இதான்" என்பார்கள். அதற்கு மேல் கேட்டால் முறைப்பார்கள்.

ஏன் என்று இப்போது புரிகிறது. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்த பிறகு சுரங்கத்துக்கு ஆள் போதவில்லை. வட ஆற்காடு, சித்தூர், சேலம், தர்மபுரிப் பக்கமிருந்து தமிழர்கள் வந்தார்கள். பெரும்பாலோர் தலித்துகள். 1876-78 பஞ்சத்தின் சூடு ஆறாத ஊர்கள் அவை. பஞ்சம் ஒரு காரணம். பண்ணையாரிடமிருந்து தப்புவது இன்னொன்று. தப்பி வந்தவன் பழைய ஊரின் பெயரைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பானா? ஊரைச் சொன்னால் தெருவைக் கேட்பார்கள். தெருவைச் சொன்னால் கதை முடிந்தது.

இங்கே மட்டும் என்ன வாழுதாம்? ஒரு பொங்கல் விழாவில், இட்லித் தட்டோடு நின்ற என்னிடம் ஒரு பெரியவர், "தம்பி, ஒரிஜினலா எந்த ஊரு?" என்றார். "கோரமண்டல், சார்." "அது சரி... அதுக்கு முன்னாடி?" அவர் எதைக் கேட்கிறார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கடல் தாண்டினாலும் அந்தக் கேள்விக்குப் பல் விழவில்லை.

ஆகவே அப்பாவின் மௌனத்தை நான் குறை சொல்லவில்லை. அது அவருக்குக் கவசம். என் கோபம் நம் தலைமுறை மேல். படித்தோம், விசா வாங்கினோம், வீடு வாங்கினோம். இனி எந்தப் பண்ணையார் நம்மை என்ன செய்துவிட முடியும்? இன்னும் எதற்கு அந்தக் கவசம்?

போன முறை ஊருக்குப் போனபோது அத்தையை நச்சரித்தேன். "குடியாத்தம் பக்கம்டா... உங்க தாத்தா பேர்ணாம்பட்டு வழியா மலையேறி வந்தாராம்" என்றார். அவ்வளவுதான் மிச்சம். மச்சானின் கியர் இல்லாத சைக்கிளை பஸ் கூரையில் ஏற்றிக் குடியாத்தம் போய், விடியற்காலை கிளம்பினேன்.

பேர்ணாம்பட்டு வரை சமதளம். பத்தலப்பல்லி மலைப்பாதையில் பாதி தூரம் சைக்கிளை நான் சுமந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். மேலே ஆந்திரா. வி.கோட்டாவில் டீ. அப்புறம் கர்நாடகா. ஒரே நாளில் மூன்று மாநிலம்! தாத்தா வந்த காலத்தில் மெட்ராஸ் ராஜதானியும் மைசூர் சமஸ்தானமும்தான். மாலையில் தூரத்தில் சயனைடு மண்மேடு தெரிந்தது. சின்ன வயதில் பார்த்துச் சலித்த அதே மேடு. ஆனால் அந்தத் திசையிலிருந்து, பிழைக்க வந்தவனின் பக்கமிருந்து, அன்றுதான் முதல் முறை பார்த்தேன். அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

வழி நெடுகத் தேடினேன். 'இவ்வழியே உழைக்கப் போனார்கள்' என்று ஒரு பலகை என் கண்ணில் படவில்லை.

எல்லோரும் நடந்துதான் வந்தார்கள் என்று கதை விட மாட்டேன். ரயிலில் பவுரிங்பேட்டையில் இறங்கியவர்கள் ஏராளம். அங்கிருந்து சுரங்கத்துக்குக் கிளை லைன் வந்தது 1894-இல். சிவசமுத்திரத்திலிருந்து கரண்ட் வந்தது 1902-இல். ரயிலுக்கும் கரண்டுக்கும் வருடம் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த வெளிச்சத்தில் குழிக்குள் இறங்கியவனின் ஊரை யார் எழுதினார்கள்? கம்பெனிக்கு வேண்டியது அவன் கைரேகை. அதற்கு எதிராக 1930-இல் வேலைநிறுத்தமே செய்தார்கள் நம் ஆட்கள்!

"கூலிக்குப் போன கதையைக் கிளறி என்னடா பெருமை?" என்கிறார் மாமா. மாமா, கூலிக்குப் போனவர்கள் வெறும் மண்வெட்டியோடு நின்றுவிடவில்லை. மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் வைத்தார்கள். அயோத்திதாசரின் நூல்களை அச்சிட்ட சித்தார்த்தா புத்தகசாலை இருந்தது நம் சாம்பியன் ரீஃபில்.

இன்னொரு கோஷ்டி, "அதான் சினிமா வந்துடுச்சே" என்கிறது. 2018-இல் வந்த படத்துக்குப் பிறகு கே.ஜி.எஃப். என்றாலே 'ராக்கி ஊரா' என்று கேட்கிறார்கள். 2024-இல் 'தங்கலான்' வந்தது. வட ஆற்காட்டிலிருந்து தங்கம் தேடிப் போனவர்களைக் காட்டியது, சந்தோஷம். ஆனால் என் தாத்தாவின் ஊர்ப் பெயரை பா. ரஞ்சித் வந்தா கண்டுபிடித்துத் தருவார்? அது என் வேலை. உங்கள் தாத்தா உங்கள் வேலை.

மார்மன்களை அப்படியே காப்பி அடிக்கவும் சொல்லவில்லை. அவர்கள் போய் இறங்கியது காலி மனை அல்ல, யூட், ஷோஷோனி மக்களின் மண். விழா மேளத்தில் அது அமுங்கிப்போகும். நாம் கல் நட்டால் பண்ணையையும் சேர்த்தே பொறிக்க வேண்டும்.

சுரங்கம் 2001 பிப்ரவரி 28-இல் மூடியாகிவிட்டது. ஊர்ப் பெயர் தெரிந்த அத்தைகள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அடுத்த லீவில் பிள்ளைகளை ஒரு நாளாவது கோரமண்டலுக்குக் கூட்டிப் போங்கள். அதற்கு முன்னால் தாத்தா கிளம்பிய ஊருக்கு. நடுவில் உள்ள வழியை சைக்கிளிலோ காரிலோ கடந்து காட்டுங்கள்.

எங்கே போவது என்று தெரியவில்லையா? இன்றைக்கே அத்தைக்கு போன் போடுங்கள்.

பி.கு: கியர் உள்ள சைக்கிளாகப் பார்த்து எடுத்துப் போங்கள். பத்தலப்பல்லி ஏற்றம் விளையாட்டில்லை :-)