புரதத் திரளும் ஒற்றைக் காரண மயக்கமும்

அல்சைமர் நோய்க்குக் காரணம் யாதென வினவினால், மூளையில் புரதம் திரள்வதே என்று தயங்காது விடையிறுப்போர் நம்மிடையே பலர். பரீட்சைக்கு அவ்விடை போதும், உண்மைக்குப் போதாது.

1906 ஆம் ஆண்டில் ஜேர்மனிய மருத்துவர் அலோயிஸ் அல்சைமர், இந்நோயால் மாண்ட பெண்ணொருத்தியின் மூளையில் நரம்புக் கலங்களுக்கு வெளியே படிவுகளையும் உள்ளே நார்ச் சிக்கல்களையும் கண்டு அறிவித்தார். படிவு பீற்றா அமைலோயிட்டு என்னும் புரதத் துண்டாலும், சிக்கல் டௌ என்னும் புரதத்தாலும் ஆனவை என்பது 1980களில் தெளிவாயிற்று. பிழையாக மடிந்த புரதம் தன்னினத்தையும் பற்றியிழுத்துத் திரள்கின்றது. அமைலோயிட்டின் முன்னோடிப் புரதத்துக்குரிய பரம்பரை அலகில் நேரும் சில மாற்றங்கள் முதுமைக்கு முன்னரே நோயை விளைவிக்கின்றன. 2012 இல் ஐஸ்லாந்து மக்களிடையே அறியப்பட்ட வேறொரு மாற்றமோ நோயினின்று காக்கின்றது. ஆகவே, திரளுக்குப் பங்கே இல்லை என்போர் கூற்று நில்லாது.

ஆயினும், பங்குடைய ஒன்றை முழுமுதற் காரணமாக முடிசூட்டுவது எவ்வாறு பொருந்தும்? மூளையில் படிவுகள் மலிந்திருந்தும் அறிவு தெளிந்தே வாழ்ந்து மறைந்த முதியோர் உளர். அறிவிழப்பின் அளவும் படிவுகளைவிட டௌச் சிக்கல்களோடே நெருங்கி நிற்கின்றது.

2021 இல் ஐக்கிய அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம், தன் ஆலோசனைக் குழு ஆதரியாத அடுகனுமாப் என்னும் மருந்துக்கு, அது படிவைக் குறைக்கின்றது என்ற நியாயங்காட்டி அனுமதி வழங்கிற்று. 2024 இல் உற்பத்தி நிறுவனமே அதனைக் கைவிட்டது. பின்வந்த லெக்கனெமாப் படிவைப் பெருமளவு அகற்றிற்று. எனினும் 18 மாத முடிவில், 18 புள்ளி அளவுகோலில், மருந்து பெற்றோருக்கும் பெறாதோருக்கும் இடையே கண்ட வேறுபாடு 0.45 புள்ளியே. சிலருக்கு மூளை வீக்கமும் இரத்தக் கசிவும் நேர்ந்தன.

மருந்து காலந்தாழ்த்திக் கொடுக்கப்பட்டதே குறை என்பர். அஃது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால், ஒவ்வொரு தோல்விக்கும் இச்சமாதானமே போதுமாயின், இக்கொள்கையை எச்சோதனைதான் பொய்ப்பிக்கும்? 2006 இல் ‘நேச்சர்’ சஞ்சிகையில் வெளிவந்து பெரிதும் எடுத்தாளப்பட்ட அமைலோயிட்டுக் கட்டுரையொன்று, படங்களில் மாற்றஞ் செய்யப்பட்டிருந்தமையால் 2024 இல் மீளப்பெறப்பட்டது. பதினெட்டு ஆண்டுகள்! நம்ப விரும்பியதை ஐயுறுவோர் அரியர்.

அழற்சி, குருதிக்கலன் சிதைவு, கழிவகற்றும் ஆற்றலின் தளர்ச்சி ஆகியனவும் திரளோடு ஒருங்கே ஆராயப்படல் வேண்டும். கொள்கை பிழைத்தால் ஆய்வாளன் இன்னொன்றைத் தேடிக்கொள்வான். பெற்ற மகனின் முகத்தை மறந்த தாய்க்கு இழந்த ஆண்டுகள் மீளா. மாணவர் இதனை மறவாதிருப்பாராக.